தலைவர்களோடு உடன்பாடு, விசுவாசிகளோடு இடைவெளி: பிரேசிலின் சுவிசேஷ வாக்காளர்களும் தொழிலாளர் கட்சியும், 1989–2022

ஆய்வின் எல்லை

2002இல் லூலா முதன்முறையாகப் பிரேசிலின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவரை ஆதரித்த அணியில் அந்நாட்டின் மிகப் பெரிய பெந்தெகொஸ்தே சபைகளுள் ஒன்றும் இருந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அதே சபையின் நிறுவனர், லூலாவின் தொழிலாளர் கட்சியை எதிர்த்து நின்ற ஜெயிர் போல்சனாரோவை ஆதரித்தார். சபைகளுக்குச் செல்லும் எளிய மக்களில் பெரும்பகுதியினர் அவருக்கு முன்பாகவே அந்த முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்கள் என்பதே இந்த நிகழ்வைத் தனியே எடுத்து ஆராயத் தூண்டுகிறது.

ஆய்வின் மையத்தில் இருப்பவர்கள் பெயர் குறிப்பிடப்படாத வாக்காளர்கள். பெருநகரங்களின் ஓரப் பகுதிகளில் வசிக்கும் இவர்களில் பெண்களும், கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் பெரும்பான்மையினர். வருமானத்தால் கீழ்த்தட்டைச் சேர்ந்தவர்கள் மிகுதி. வெளியே பெயர் சொல்லப்படும் அரசியல்வாதிகளும் சபைத் தலைவர்களும் பொது வாழ்வில் உள்ளவர்கள். அவர்கள் வெளிப்படையாகச் செய்தவையும் சொன்னவையும் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பிரேசிலில் லூத்தரன், பாப்டிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், பெந்தெகொஸ்தே எனக் கத்தோலிக்கரல்லாத கிறித்தவர்களில் பெரும்பாலோரையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரே தொகுதியாகவே எண்ணுகிறது. இக்கட்டுரையில் ‘சபையார்’ என்பது அந்தத் தொகுதியையே குறிக்கும். அதில் பெந்தெகொஸ்தே சபைகளின் பங்கே பெரிது.

பின்னணி: 1980 முதல் 1998 வரை

1980இல் பிரேசில் மக்களில் சபையார் 6.6 சதவீதம். 1991இல் 9 சதவீதம், 2000இல் 15 சதவீதத்துக்குச் சற்று மேல், 2010இல் சுமார் 22 சதவீதம், 2022இல் 26.9 சதவீதம் என அவர்கள் பெருகினார்கள். உலகில் கத்தோலிக்கர்கள் மிக அதிகமாக உள்ள நாட்டில் இரண்டு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. அசெம்பிளி ஆஃப் காட் சபை 1911இல் வடக்கே பெலெம் நகரத்தில் சுவீடனில் பிறந்த இரு ஊழியர்களால் தொடங்கப்பட்டு, பல கிளைகளாகப் பிரிந்து நாடெங்கும் பரவியது. எடிர் மசேடோ 1977இல் ரியோ டி ஜெனிரோவில் நிறுவிய யுனிவர்சல் சபை வேறு வகையானது: ஒரே தலைமை, இறுக்கமான நிர்வாகம், பின்னாளில் சொந்தமாக ரெக்கார்ட் என்னும் தொலைக்காட்சி நிறுவனம். இந்த அமைப்பு வேறுபாடு அரசியலில் முக்கியமானது. யுனிவர்சல் சபையோடு பேச ஒரு கதவைத் தட்டினால் போதும். அசெம்பிளி சபைகளுக்கோ கதவுகள் ஏராளம். தெருமுனைகளில் தனித்தனியே முளைத்த சிறு சபைகளுக்குக் கதவு எது என்றே வெளியாருக்குத் தெரியாது.

இராணுவ ஆட்சி முடிந்து 1986இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தபோது, ‘சகோதரன் சகோதரனுக்கே வாக்களிப்பான்’ என்னும் முழக்கம் சபைகளில் ஒலித்தது; முப்பதுக்கும் மேற்பட்ட சபையார் உறுப்பினர்களாயினர். மூன்று ஆண்டுகள் கழித்து நடந்த நேரடி அதிபர் தேர்தலில் தொழிற்சங்கத் தலைவரான லூலாவைப் பல போதகர்கள் கம்யூனிஸ்டு அபாயமாகவே பார்த்தார்கள். அவர் வென்றால் ஆலயங்கள் மூடப்படும் என்ற வதந்தி பரவியது. மசேடோ ஃபெர்னாண்டோ கோலோரை ஆதரித்தார். கோலோர் ஏறத்தாழ 53 சதவீத வாக்கோடு வென்றார். 1994, 1998 தேர்தல்களிலும் யுனிவர்சல் சபை லூலாவுக்கு எதிர்ப் பக்கமே நின்றது.

முதல் முடிவு: 2002 உடன்பாடு

மூன்று முறை தோற்ற லூலா 2002இல் தம் அணுகுமுறையை மாற்றிக்கொண்டார். பொருளாதார வட்டாரங்களின் அச்சத்தைத் தணிக்க ஒரு திறந்த மடல் வெளியிட்டார். துணை அதிபர் வேட்பாளராக ஜவுளி ஆலை அதிபரான ஜோசே அலென்காரைச் சேர்த்துக்கொண்டார். அலென்காரின் லிபரல் கட்சியில்தான் யுனிவர்சல் சபையைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் இருந்தனர். முதல் சுற்றில் சபையார் பலருடைய வாக்கு ரியோவின் முன்னாள் ஆளுநரும் பிரெஸ்பிட்டேரியருமான கரோச்சீனியோவுக்குச் சென்றது. அவர் ஏறத்தாழ 18 சதவீதம் பெற்று மூன்றாம் இடத்தில் நின்றார். யாரும் பாதிக்கு மேல் பெறாததால் முதல் இருவர் மோதிய இரண்டாம் சுற்றில் அவரும் யுனிவர்சல் சபையும் லூலாவை ஆதரிக்க, லூலா 61 சதவீத வாக்குகளுடன் வென்றார்.

அன்றைய நிலையில் இது குறை சொல்ல இடமில்லாத முடிவு. கட்சிக்குச் சபைகளில் வேர் இல்லை. அதன் தோற்றத்தில் பங்கேற்ற மதச் சார்புள்ளவர்கள் ஏழைகளின் விடுதலையை நற்செய்தியின் மையமாகக் கண்ட கத்தோலிக்க விடுதலை இறையியல் வழி வந்தவர்கள். புதிதாக வேர் விடுவதைவிட, ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் அமைப்புகளின் தலைமையோடு பேசி முடிப்பது எளிது. கைம்மாறும் தாமதமின்றிக் கிடைத்தது. 2003 டிசம்பரில் உரிமையியல் சட்டம் திருத்தப்பட்டு, மத அமைப்புகள் தம் விருப்பப்படி தம்மை அமைத்துக்கொள்ளும் உரிமையோடு தனிவகைச் சட்ட அமைப்புகளாக ஏற்கப்பட்டன. 2005இல் யுனிவர்சல் சபைக்கு நெருக்கமானவர்கள் தொடங்கிய புதிய கட்சியில் துணை அதிபர் அலென்காரே சேர்ந்தார். சபையார் ஆண்டுதோறும் நடத்தும் ‘இயேசுவுக்கான பேரணி’க்குத் தேசிய நாள் ஒதுக்கும் சட்டத்தில் 2009இல் லூலா கையெழுத்திட்டார்.

விசுவாசிகளின் வாழ்விலும் அக்காலத்தில் உண்மையான மாற்றம் வந்தது. குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தது. 2003இல் தொடங்கிய ‘போல்சா ஃபமீலியா’ உதவித்தொகை தாய்மார்களின் கைக்கே சென்றது. ஆனால் அந்த மாற்றத்துக்கு அரசு காரணமா, கடவுளின் ஆசீர்வாதமும் தம் உழைப்பும் காரணமா என்ற கேள்விக்கு ஞாயிறுதோறும் சாட்சி சொல்பவர்கள் எந்த விடையைத் தருவார்கள் என்பதைக் கட்சியில் யாரும் கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கவனத்துக்கு வந்த அறிகுறிகள்: 2009–2010

உடன்பாடு செல்லும் தொலைவு 2009 டிசம்பரில் தெரியத் தொடங்கியது. மூன்றாவது தேசிய மனித உரிமைத் திட்டம் என்னும் அரசாணையில் கருக்கலைப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குதல், ஒரே பாலினத்தவரின் இணைவுக்குச் சட்ட ஏற்பு, அரசு அலுவலகங்களில் மதச் சின்னங்களைத் தவிர்த்தல் ஆகியவை இடம்பெற்றன. கத்தோலிக்க ஆயர்களும் சபைத் தலைவர்களும் ஒரே குரலில் எதிர்த்தனர். 2010 மே மாதத்தில் அரசு அந்தப் பகுதிகளைத் திருத்தியது. அரசுக்குள் மனித உரிமைத் துறையைக் கவனித்தவர்களும் நாடாளுமன்றத்தில் சபையார் கட்சிகளோடு பேரம் பேசியவர்களும் ஒருவரோடொருவர் கலந்து பேசாமல் இயங்கினார்கள் என்பதே அந்தத் திருத்தத்திலிருந்து நான் பெறும் முதன்மையான செய்தி.

அவ்வாண்டு அக்டோபர் தேர்தலில் லூலாவின் வாரிசாக நின்றவர் டில்மா ரூசெஃப். கருக்கலைப்பு பற்றி அவர் முன்பு கூறிய கருத்துகள் காணொளிகளாகச் சபைகளுக்குள் சுற்றின. குரிட்டிபா நகரத்துப் பாப்டிஸ்ட் போதகர் ஒருவர் தொழிலாளர் கட்சிக்கு வாக்களிக்க வேண்டாம் என்று பிரசங்க மேடையிலிருந்து சொன்ன காணொளியை இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். மற்றொரு வேட்பாளரான, அசெம்பிளி சபையைச் சேர்ந்த மரினா சில்வா 19 சதவீதத்துக்கு மேல் பெற்றார். முதல் சுற்றிலேயே வெல்வார் என எதிர்பார்க்கப்பட்ட டில்மா 46.9 சதவீதத்தில் நின்றார். இரண்டு சுற்றுகளுக்கு இடையில், அக்டோபர் 15 அன்று, தாம் தனிப்பட்ட முறையில் கருக்கலைப்புக்கு எதிரானவர் என்றும் அது பற்றிய சட்டத்தை மாற்ற முனையமாட்டார் என்றும் அவர் மடல் வெளியிட்டார். மசேடோ அவருக்காகப் பேசினார். டில்மா 56 சதவீதத்தோடு வென்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பாப்டிஸ்ட் போதகரின் இடம். அவர் எந்த உடன்பாட்டிலும் இல்லாதவர். அவரை அமைதிப்படுத்தக்கூடிய மேலிடம் ஒன்றும் கட்சிக்குத் தெரிந்திருக்கவில்லை. மசேடோவின் ஆதரவு கையில் இருந்தபோதே சபையார் வாக்கு கணிசமாகக் கசிந்தது. வெற்றி கிடைத்துவிட்டதால் அந்தக் கசிவைக் கட்சி தேர்தல் காலத்து அவதூறாகக் கருதிக் கடந்துபோனது.

இரண்டாம் கட்ட முடிவுகள்: 2011–2014

2011 மே மாதத்தில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தன. உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவரின் இணைவைக் குடும்பமாக ஏற்றது. அதே மாத இறுதியில், பள்ளிகளில் பாலினச் சிறுபான்மையினர் மீதான வெறுப்பைக் குறைப்பதற்காகக் கல்வி அமைச்சின் முன்முயற்சியில் உருவான பாடத் தொகுப்பை டில்மா நிறுத்திவைத்தார். சபையார் உறுப்பினர்கள் அரசின் மசோதாக்களைத் தடுப்போம், டில்மா அரசின் மூத்த அமைச்சர் ஒருவரை விசாரணைக்கு அழைப்போம் என்று மிரட்டியதே உடனடிக் காரணம். அன்று கல்வி அமைச்சராக இருந்தவர் ஃபெர்னாண்டோ ஹதாத். அந்தத் தொகுப்புக்கு இழிவான பட்டப்பெயர் சூட்டித் துண்டறிக்கை விநியோகித்த உறுப்பினர்களுள் ஒருவர், அதிகம் அறியப்படாத முன்னாள் இராணுவ அதிகாரியான போல்சனாரோ.

நிறுத்திவைத்த முடிவு இரு பக்கமும் இழப்பையே தந்தது. தொகுப்பை உருவாக்கியவர்கள் தாம் கைவிடப்பட்டதாக உணர்ந்தனர். எதிர்த்தவர்களோ, தாங்கள் தடுத்திராவிட்டால் அது தம் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கும் என்று ஏழு ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தனர். தொகுப்பில் என்ன இருந்தது, எந்த வயது மாணவருக்காகத் திட்டமிடப்பட்டது என்பதைப் பெற்றோரிடம் நேரில் விளக்கும் முயற்சி, முன்பும் நடக்கவில்லை, பின்பும் நடக்கவில்லை. பள்ளியில் பிள்ளைக்கு என்ன சொல்லித் தரப்படுகிறது என்பது ஒரு தாயின் நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லும் வேலையைக் கட்சி தன் எதிரிகளுக்கு விட்டுக்கொடுத்தது என்பது என் கணிப்பு.

மறுபுறம் தலைவர்களோடான உறவு மேலும் இறுகியது. 2012இல் யுனிவர்சல் சபையின் பிஷப்பும் மசேடோவின் உறவினருமான மார்செலோ கிரிவெல்லா மீன்வளத் துறை அமைச்சரானார். தூண்டிலில் புழுவைக் கோக்கக்கூடத் தமக்குத் தெரியாது என்று அவரே சொல்லிக்கொண்டார். பதவி எதற்காகத் தரப்பட்டது என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. 2013இல் நாடாளுமன்றக் குழுக்களைப் பங்கிடும்போது தொழிலாளர் கட்சி தனக்கு உரிய முன்னுரிமையைக் கொண்டு வேறு குழுக்களைத் தேர்ந்தெடுத்தது. மனித உரிமைகள் குழுவின் தலைமை ஒரு சிறிய கூட்டணிக் கட்சிக்குப் போய், அங்கிருந்து அசெம்பிளி சபைப் போதகர் மார்கோ ஃபெலிசியானோவின் கைக்கு வந்தது. பல மாதங்கள் போராட்டங்கள் நடந்தன. சபைகளுக்கு வெளியே அவ்வளவாக அறியப்படாத ஒருவர் நாடறிந்த தலைவரானார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் முன்பைவிடக் கூடுதல் வாக்குகளோடு திரும்பினார்.

2014 ஜூலை 31 அன்று சாவோ பாவ்லோவில் யுனிவர்சல் சபை எழுப்பிய சாலொமோன் ஆலயத்தின் திறப்பு விழாவில் டில்மா முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அவ்வாண்டு அவர் 51.6 சதவீதத்தோடு மயிரிழையில் வென்றார். சபையார் வாக்கு இரு பக்கமும் பெரிய இடைவெளி இல்லாமல் பிரிந்திருந்தது. விழா மேடையில் தெரிந்த நெருக்கத்தை வைத்து எடைபோட்டவர்களுக்கு அந்தப் பிரிவினை எச்சரிக்கையாகத் தோன்றவில்லை.

விலகல்: 2015–2018

பொருளாதாரம் 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் மூன்று சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, வேலையின்மை இரட்டிப்பானது, பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவன ஊழல் விசாரணை நாள்தோறும் செய்தியானது. வேலை இழந்த குடும்பத்துக்கு முதலில் கை கொடுத்தது பல இடங்களில் தெருமுனைச் சபைதான்: வேலை பற்றிய தகவல், உணவுப் பை, குடியிலும் போதையிலும் விழுந்த மகனை மீட்கும் இல்லம் எல்லாம் அங்கே கிடைத்தன. அதே தெருவில் முன்பு இருந்த கட்சிக் கிளைகளும் தொழிற்சங்க அலுவலகங்களும் பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தன.

மேல்மட்டத்தில் முறிவு வேகமாக வந்தது. அசெம்பிளி சபையைச் சேர்ந்த எட்வார்டோ குன்யா கீழவைத் தலைவராக இருந்து டில்மா மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை 2015 டிசம்பரில் ஏற்றார். 2016 மார்ச்சில் யுனிவர்சல் சபைக்கு நெருக்கமான கட்சி அரசை விட்டு வெளியேறியது. ஏப்ரல் 17 அன்று 367க்கு 137 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியபோது, உறுப்பினர்கள் பலர் கடவுளின் பெயராலும் குடும்பத்தின் பெயராலும் வாக்களிப்பதாக ஒலிபெருக்கியில் கூறினர். மே 12 அன்று செனட் டில்மாவைப் பதவியிலிருந்து இடைநிறுத்தியது. அதே நாளில் கத்தோலிக்கரான போல்சனாரோ இஸ்ரேலில் யோர்தான் நதியில் ஒரு பெந்தெகொஸ்தே போதகரின் கையால் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். அவர் தம்மைக் கத்தோலிக்கர் என்றே தொடர்ந்து சொல்லிவந்தார். சபையார் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

கட்சிக்கு உள்ளிருந்தே ஓர் எச்சரிக்கை வந்தது. சாவோ பாவ்லோ மேயராக இருந்த ஹதாத் 2016இல் முதல் சுற்றிலேயே தோற்றபின், தொழிலாளர் கட்சியின் ஆய்வு அமைப்பான பெர்செயு அப்ராமோ அறக்கட்டளை, நகரத்தின் ஓரப் பகுதிகளில் வாழும் முன்னாள் ஆதரவாளர்களிடம் நெடிய நேர்காணல்கள் நடத்தி 2017இல் வெளியிட்டது. அம்மக்கள் முதலாளி–தொழிலாளி என்னும் பிளவைவிட, வரி வாங்கிச் சேவை தராத அரசையே எதிர்த் தரப்பாகக் கண்டார்கள். சொந்த உழைப்பையும் குடும்பத்தையும் சபையையும் தம் உயர்வின் துணைகளாகக் கருதினார்கள். இந்த ஆய்வு கட்சி வட்டாரங்களில் நிறையப் பேசப்பட்டது. அதன் அடிப்படையில் வேலைத்திட்டம் எதுவும் தெருவுக்கு வந்து சேரவில்லை.

2018 தேர்தலில் நடந்தவற்றின் வரிசை முக்கியமானது. யுனிவர்சல் சபைக்கு நெருக்கமான கட்சி முறைப்படி ஆதரித்தது போல்சனாரோவை அல்ல, சாவோ பாவ்லோ முன்னாள் ஆளுநர் ஆல்க்மினை. ஆனால் செப்டம்பரிலேயே கருத்துக்கணிப்புகளில் சபையார் போல்சனாரோவின் பக்கம் சாய்ந்திருந்தனர். மாத இறுதியில், முதல் சுற்றுக்கு ஒரு வாரமே இருக்கும்போது, மசேடோ போல்சனாரோவை ஆதரிப்பதாக அறிவித்தார்; அக்டோபர் 4 அன்று மற்ற வேட்பாளர்கள் குளோபோ தொலைக்காட்சியில் விவாதித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் ரெக்கார்ட் தொலைக்காட்சி போல்சனாரோவின் நேர்காணலை ஒளிபரப்பியது. மந்தை சென்ற வழியில் மேய்ப்பர் சென்றார் என்று கொள்வதே இந்தக் கால வரிசைக்குப் பொருந்துகிறது.

சிறையில் இருந்த லூலாவுக்குப் பதிலாக நின்ற ஹதாத், 2011இன் பாடத் தொகுப்பு விவகாரத்தின் முகமாகவே சபைகளில் அறியப்பட்டார். அது பற்றிய பொய்ச் செய்திகள் வாட்சப் வழியே பரவின. அவற்றுள் சிலவற்றை நீக்குமாறு தேர்தல் நீதிமன்றம் அக்டோபர் நடுவில் ஆணையிட்டது. அக்டோபர் 12 அன்று மசேடோவின் மதப் போக்கைப் போலித்தனம் என்று கடுஞ்சொல்லால் சாடிய ஹதாத், ஐந்து நாள் கழித்துச் சபையாருக்குத் திறந்த மடல் எழுதினார். இரண்டாம் சுற்றில் போல்சனாரோ 55.1 சதவீதம் பெற்றார். இறுதிக் கருத்துக்கணிப்பில் கத்தோலிக்கர் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்திருக்க, சபையாரில் பத்தில் ஏழு பேர் போல்சனாரோ பக்கம் இருந்தனர். வெற்றி வித்தியாசம் சுமார் 1 கோடியே 8 இலட்சம் வாக்குகள்; சபையாரிடமிருந்து மட்டும் அவருக்குக் கிடைத்த முன்னிலை அதைவிட அதிகம் என்பது மக்கள்தொகை ஆய்வாளர் ஒருவரின் கணக்கு.

பின்விளைவு: 2019–2022

போல்சனாரோ ஒரு போதகரைப் பெண்கள், குடும்ப, மனித உரிமைத் துறை அமைச்சராக்கினார்; ‘இயேசுவுக்கான பேரணி’யில் கலந்துகொண்ட முதல் பதவி வகிக்கும் அதிபரானார்; வாக்களித்தபடி, பிரெஸ்பிட்டேரியப் போதகரான அந்த்ரே மென்டோன்சாவை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பெருந்தொற்றின் இழப்பும் விலைவாசியும் ஏழைச் சபையாரையும் தாக்கின; பெண்களிடையே அவருடைய ஆதரவு தளர்ந்தது; எனினும் அது உடையவில்லை.

2022இல் லூலா மீண்டும் நின்றார். ஏப்ரலில் கருக்கலைப்பைப் பொது நல்வாழ்வுப் பிரச்சினையாக அணுக வேண்டும் என்று அவர் கூறிய ஒரு வாக்கியம் மாதக்கணக்கில் சபைகளில் ஒலித்தது. அவர் வென்றால் ஆலயங்கள் மூடப்படும் என்ற 1989ஆம் ஆண்டு வதந்தி, எட்டு ஆண்டுகள் அவர் ஆண்டு ஓர் ஆலயமும் மூடப்படாத பிறகும், திரும்பி வந்தது. சபையாருக்கான அவருடைய மடல் அக்டோபர் 19 அன்று வெளியானது. வாக்குப்பதிவு அக்டோபர் 30. அவர் 50.9 சதவீதத்தோடு, சுமார் 21 இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சபையாரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் எதிர்ப் பக்கமே இருந்தனர். தேர்தல் முடிந்த சில நாட்களில், லூலாவை மன்னிக்க வேண்டும் என்று மசேடோ தம் சபையாருக்குச் சொன்னார். தலைவர் தரப்பில் கதவு எவ்வளவு விரைவில் திறக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மாற்றிச் செய்யக்கூடியவை

மூன்று தேர்தல்களில் மூன்று மடல்கள்: 2010 அக்டோபர் 15, 2018 அக்டோபர் 17, 2022 அக்டோபர் 19. மூன்றும் இரு சுற்றுகளுக்கு இடைப்பட்ட வாரங்களில், சேதம் கண்ணுக்குத் தெரிந்தபின் எழுதப்பட்டவை. மடலில் சொன்னவற்றில் பிழையில்லை. அவற்றைத் தேர்தல் இல்லாத ஆண்டுகளில், அதே தெருவில் வசிக்கும் ஒருவர் வாயால் சொல்லியிருந்தால் மதிப்பே வேறு. கட்சியில் சபையார் உறுப்பினர்கள் இல்லாமலில்லை. ரியோவின் குடிசைப் பகுதியில் வளர்ந்து மாநில ஆளுநராகவும் உயர்ந்த பெனெதீதா த சில்வா கட்சியின் தொடக்க காலம் முதல் இருப்பவர், பெந்தெகொஸ்தே பின்னணி கொண்டவர். இத்தகையோரைத் தேர்தலுக்குத் தேர்தல் மேடையேற்றாமல் கொள்கை வகுக்கும் இடத்தில் அமர்த்தியிருந்தால், 2009 அரசாணையும் 2011 பாடத் தொகுப்பும் வெளிவருவதற்கு முன்பே எந்தச் சொல் எங்கே தைக்கும் என்று தெரிந்திருக்கும்.

சிறுபான்மையினர் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் சபையார் தங்கியிருப்பார்கள் என்று இதை வாசிப்பது தவறு. கட்சி பல முறை பின்வாங்கியது. பின்வாங்கிய எந்த முறையும் வாக்கு திரும்பவில்லை. உரிமையை வெளிப்படையாகக் காத்து, பள்ளி பற்றிய பெற்றோரின் கேள்விக்கு நேரே விடை சொல்லும் வழியைத்தான் கட்சி முயன்று பார்க்கவே இல்லை. வேலையின்மையும் ஊழல் விசாரணையும் எந்த ஆளுங்கட்சியையும் தள்ளியிருக்கும் என்பதும் உண்மையே. ஆனால் அவை கத்தோலிக்கரையும் அதே அளவு தாக்கின, அவர்கள் ஏறத்தாழச் சமமாகவே பிரிந்தார்கள்.

மூன்றாம் ஆட்சிக்காலத்திலும் பழைய முறை தொடர்கிறது. 2023 ஜூனில் சாவோ பாவ்லோவில் நடந்த ‘இயேசுவுக்கான பேரணி’க்கு லூலா தம் சார்பில் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த அரசுத் தலைமை வழக்கறிஞரை அனுப்பினார்; அவர் அதிபரின் பெயரைச் சொன்னதும் கூட்டம் கூச்சலிட்டது. 2024 அக்டோபரில், சபைகளின் கீர்த்தனை இசைக்குத் தேசிய நாள் ஒதுக்கும் சட்டத்தில் லூலா கையெழுத்திட்டார்.